மைனஸ் இரண்டு கிலோ குத்து

போன வாரம் உத்திரமேரூரில் போட்டிருந்த பொருட்காட்சிக்குத் தங்கையோடு போயிருந்தேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குத்து மெஷின். தொங்குகிற சிவப்புப் பந்தைக் குத்தினால் மேலே ஓர் எண் எரிகிறது. தங்கை துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒன்று விட்டாள். எழுநூற்றுப் பன்னிரண்டு.

"இன்னாண்ணா இது, கிலோவா?" என்று மெஷின்காரரைக் கேட்டாள்.

"மார்க்கும்மா."

"எதுக்கு மார்க்கு? வேகத்துக்கா, பலத்துக்கா?"

அவருக்குத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பிசிக்ஸ் டீச்சர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள், முதலில் காலேஜ் போனவள். இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என் வழக்கம். பதில் தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. மெஷினுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய கோணிகளிலிருந்து வந்த சணல் வாசனைதான் காரணம். அந்த வாசனை வந்தால் எனக்கு உடனே கழுத்தில் நெல் சொணை அரிக்க ஆரம்பித்துவிடும்.

நைனா நெல் கொள்முதல் நிலையத்தில் கோணி தைப்பவர். ஒல்லி. அவர் கையில் ஊசி போவதும் வருவதும் தெரியாது, மூட்டையின் வாய் மூடியிருப்பதுதான் தெரியும். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, அங்கேயே மூட்டை தூக்குகிறவர். நாற்பது கிலோ மூட்டையை அவர் தூக்கினால் மூட்டைக்குத்தான் பயமாக இருக்கும். எங்கள் வீட்டில் எது நடப்பதென்றாலும் பெரியப்பா தலையாட்ட வேண்டும். நான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த நேரம் அது. காஞ்சிபுரத்தில் பி.எஸ்.ஸி. பிசிக்ஸ் படிக்க ஆசை. பெரியப்பா தலை அசையவில்லை. "தையல் கத்துக்கினா பத்தாதா?" என்றார்.

அப்போது பார்த்து நான்கு நாள் லாரி வரவில்லை. நவரைப் பட்டத்து நெல் மூட்டை மூட்டையாக வேப்பமரம் வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. வேலையில்லாத ஆட்கள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து குத்துச்சண்டை பார்த்தார்கள். பழைய சண்டைகள், பெரிய பெரிய வீரர்கள். பெயர்களை யாரும் படிக்கவில்லை. கால் விரலில் ஆடிக்கொண்டே குத்துகிறவருக்கு டான்ஸ்காரர் என்று பெயர் வைத்தார்கள். குனிந்து உள்ளே புகுந்து ஒரே அடியில் சாய்க்கிறவருக்குக் கழுத்தில்லாதவர்.

நைனா டான்ஸ்காரர் கட்சி. "இவன் பத்து குத்து வுடுற வரிக்கும் அவன் தோளத் தூக்கிக்கினே இருப்பான்" என்றார்.

"பத்து கொசு கட்ச்சா இன்னாடா? என் ஆளு மாடு மாதிரி முட்டுவான்" என்றார் பெரியப்பா.

இரண்டு பேரும் தங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து சாப்பிடவில்லை. நாலாம் நாள் பரிசோதனை.

பலத்தைக் காட்ட, எடை போடுகிற மெஷினைத் தூக்கி மூட்டைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். பெரியப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஓங்கிக் குத்தினார். எண்கள் யாருக்கும் புரியாமல் ஓடி, கடைசியில் மைனஸ் இரண்டில் நின்றன.

"இன்னாடா இது, நான் குத்துனா எடை கொறையுது?"

"அதான்ணா உன் கட்சி" என்றார் நைனா.

வேகத்தை அளக்க என் அம்மாவைக் கூப்பிட்டார்கள். களத்தில் நெல் அளந்தே வளர்ந்தவள். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவது. அடுத்த மரக்கால் விழும்வரை அந்த எண்ணையே இழுத்துப் பாட வேண்டும். அம்மா அதே ராகத்தில் போனைப் பார்த்து எண்ணினாள். "லாபமே லாபம்" என்று அவள் ஒருமுறை இழுப்பதற்குள் டான்ஸ்காரர் ஆறு குத்து விட்டிருந்தார். ஆட்டம் முடிந்தபோது அம்மாவின் கணக்கில் டான்ஸ்காரருக்கு நான்கு குத்து, கழுத்தில்லாதவருக்கு ஏழு.

"கண்ணுக்கே ஆம்புடலன்னா அதான்டி வேகம்" என்று நைனா கத்தினார்.

"ஆம்புடாதத நான் எப்டி அளக்கிறது?" என்றாள் அம்மா.

பெரியப்பா வீங்கிய கையோடு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, பன்னெண்டு வருஷம் படிச்சிக்கிற. நீ சொல்லு. வேகமா, பலமா? கரீட்டா சொல்லிட்டா காலேஜுக்குப் போ. இல்ல, தையல்தான்."

பரீட்சை முடிந்தும் ஜாமெட்ரி பாக்ஸோடு திரிந்துகொண்டிருந்தவள் நான். உடனே சாக்பீஸ் எடுத்து ஒரு மூட்டையின் மேல் சூத்திரம் எழுதினேன். பாதி, நிறை, வேகத்தின் வர்க்கம். பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நிறைன்னா எதும்மா? குத்துறது கையா, ஆளா?" என்றார்.

அது எங்கள் புத்தகத்தில் இல்லை. கையை மட்டும் போடுவதா, தோளையும் இடுப்பையும் சேர்ப்பதா? நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடை முழுக்க என் பொண்ணு சொல்லுவா என்று சொல்லிவைத்திருந்தார், பாவம். ஏதாவது அடித்துவிட்டிருக்கலாம். என் திமிர் அதற்கும் விடவில்லை.

"தெரியல பெரிப்பா."

பெரியப்பா கையைத் தண்ணீர்க் குடத்தில் விட்டுக்கொண்டு யோசித்தார்.

"பன்னெண்டு வருஷத்துல இந்தப் பாடம் வர்லன்னா, மிச்ச மூணு வருஷத்துலதான் கீது. போயி தெரிஞ்சிக்கினு வா" என்றார்.

இப்படித்தான் நான் காலேஜ் போனேன். பதில் முதல் வருஷத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் சொன்னால் படிப்பு முடிந்தது என்பாரே என்று பயம். எங்கள் ஊர் மாகறல் ஸ்டாப்பில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் கேட்பார்: "பாடம் வந்துச்சா?"

"அடுத்த செமஸ்டர்ல பெரிப்பா."

பிறகு எம்.எஸ்.ஸி.யில் வரும் என்றேன். பிறகு பி.எட்.டில். அவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்.

வேலை கிடைத்த அன்று குற்ற உணர்ச்சி தாங்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்தப் பாடம் வந்துடுச்சி பெரிப்பா. சொல்லட்டா?"

அவர் வாசலில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த என் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிடாத. சின்னவ இப்பதான் ஒம்பதாவது."

இப்போது பெரியப்பா இல்லை. கோணி தைக்க மெஷின் வந்துவிட்டது, மூட்டையைப் போனில் எண்ணுகிறார்கள், யாரும் லாபத்திலிருந்து தொடங்குவதில்லை. தங்கை இந்த வருஷம் காலேஜில் சேர்ந்தாள். யார் தலையும் ஆட வேண்டியிருக்கவில்லை. நைனா அப்ளிகேஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

அதனால் பொருட்காட்சியில் முதல்முறையாக அந்தப் பதிலைச் சொன்னேன். குத்துவது கையுமில்லை, முழு ஆளுமில்லை. குத்தும் நேரத்தில் கால், இடுப்பு, தோள் எவ்வளவு சேருகிறதோ அவ்வளவு. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. ஆனால் பெரிய வீரர்களை எல்லாம் சாய்த்தது பெரும்பாலும் அவர்கள் பார்க்காத குத்து.

தங்கை ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவ்ளோதானாக்கா? இதுக்கா ஏழு வருஷம் படிச்ச?"