பாதியில் நின்ற கை

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் கறார் என்றுதான் அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கட்டடம் முழுக்க ஓடும் நெட்வொர்க்கைக் கவனிப்பது அவர் வேலை. லிஃப்டுக்குப் பின்னால், ஏசி எந்நேரமும் இரைகிற ஒரு சின்ன அறை. அங்கே எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றையேதான்.

"எங்களை மட்டும் கொஞ்சம் முன்னால விடுங்க சார்."

டாக்டரின் பேச்சு, எக்ஸ்ரே, சம்பளக் கணக்கு எல்லாமே கம்பிக்குள் பொடிப்பொடிப் பொட்டலங்களாகத்தான் போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஓர் அடையாளம் ஒட்டலாம். வழியில் நெரிசல் வந்தால், நடுவில் இருக்கும் கருவிகள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அடையாளத்தைப் பார்த்தே ஒன்றை விடும், ஒன்றை நிறுத்தும். ஒரு காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் பொட்டலங்களுக்கெல்லாம் தானே 'அவசரம்' ஒட்டி அனுப்பியது. சமையலறை காய்கறிப் பட்டியல்கூட அவசரம். கடைசியில் அவசர சிகிச்சைப் பிரிவின் போன் விக்கி விக்கிப் பேசியது. அன்றிலிருந்து கறார், யார் ஒட்டி வந்த அடையாளத்தையும் வாசலிலேயே கிழித்துவிட்டுத் தானே புதிதாக ஒட்ட ஆரம்பித்தார். போன் பேச்சுக்கு முதலிடம். அந்தப் பாதை ஒடுங்கியது, பேச்சு மட்டுமே கொள்ளும். அடுத்து எக்ஸ்ரே. வீடியோ கடைசி. ஊழியர்களில் பாதிப்பேர் பார்ப்பது சினிமா என்று அவருக்குத் தெரியும்.

வீட்டிலும் அதே சட்டம். மாமியார் பார்க்கும் தொடர் முக்கியமான இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

"எங்கம்மா அழுறதுக்குக்கூட உங்ககிட்ட வரிசையில நிக்கணுமா?" என்பாள் மனைவி.

"வீடியோ கொஞ்சம் நின்னா உயிரா போயிடும்?" என்பார் இவர்.

ஒரு நாள் காலை, மருத்துவமனைத் தையல் அறையில் படுக்கை விரிப்பும் அறுவை அங்கியும் தைக்கிற பெண் அவர் அறைக்கு வந்து நின்றாள். காது கேளாதவள், வாய் பேசாதவள். கை அசைவுதான் அவள் மொழி. வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். போனில் தட்டி அவரிடம் நீட்டினாள். 'நேத்து டாக்டர் ரூம்ல நான் பார்த்தத காட்டறேன்.'

போனை மேசையில் வைத்துவிட்டுக் கைகளை உயர்த்தினாள். விரல்கள் ஏதோ சொல்லத் தொடங்கி, அந்தரத்தில் அப்படியே நின்றன. அவள் கண்கூட இமைக்கவில்லை. திடீரென்று கைகள் வேறோர் இடத்துக்குத் தாவின. அரைகுறையாய் ஓர் அசைவு, மறுபடி கல்லாய் நின்றன. இப்படி மூன்று நான்கு தடவை. பிறகு கைகளை இறக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

கறாருக்கு விளங்கியது. அவளுக்கு மணிக்கட்டில் அறுவை செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். டாக்டர் சொல்வதை வேறோர் ஊரில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் திரையில் கை அசைவாக மாற்றிக் காட்டுவார். நேற்று டாக்டரின் குரல் மொழிபெயர்ப்பாளருக்குத் தெளிவாகப் போயிருக்கிறது. அவர் கைகள் மட்டும் இவளுக்கு வந்து சேரவில்லை. அது வீடியோ. கடைசி வரிசை.

அவள் மறுபடி தட்டினாள். 'புரியாம கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். இன்னைக்கு மத்தியானம் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கும் முடிவு சொல்லலைன்னா என் தேதி வேற ஆளுக்குப் போயிடும்.'

அவள் போன பிறகு கறார் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த ஒடுங்கிய பாதையில் ஒரு வீடியோவை விட்டால் வார்டு போன்கள் கரகரக்கும். அதைவிட, ஒருத்திக்கு விட்டார் என்று தெரிந்தால் நாளைக்கு ஊரே வாசலில் நிற்கும். ஆனால் பேச்சுக்கு முதலிடம் என்று சட்டம் போட்டவரே அவர்தான். அவளுக்கு அந்தக் கைகள்தானே பேச்சு.

வெளியிலிருந்து பார்த்தால் சினிமாவும் மொழிபெயர்ப்பும் ஒரே மாதிரிப் பூட்டிய பொட்டலங்கள். அதனால் டாக்டர் அறைத் திரைக்கு வந்துபோகும் அந்த ஓட்டத்துக்கு மட்டும் தனியாக ஓர் எண் வைத்தார். அந்த எண்ணோடு வருவதைப் பேச்சாகவே நடத்தும்படி வழியிலிருந்த ஒவ்வொரு கருவிக்கும் சொல்லிவைத்தார். வேறு ஏதாவது அந்த எண்ணை ஒட்டிக்கொண்டு வந்தால் வாசலிலேயே கிழிந்துவிடும்.

மத்தியானம் அவர் தன் அறையில் இல்லை. டாக்டர் அறைக்கு எதிரே இருந்த வார்டில், நர்ஸ் மேசைப் பக்கத்தில் நின்றார்.

"என்ன சார், போன் அப்பளம் மாதிரி நொறுங்குது?" என்றாள் நர்ஸ்.

"புரியற மாதிரி இருக்கா சிஸ்டர்?"

"புரியுது. காதுதான் வலிக்குது."

"அரை மணி நேரம் பொறுத்துக்கங்க. நான்தான் பண்ணினேன்."

"நீங்களா?" அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கு?"

அவர் எதிர்ப்பக்கம் கண்ணைக் காட்டினார். கதவு பாதி திறந்திருந்தது. திரையில் மொழிபெயர்ப்பாளரின் கைகள் தண்ணீர் போல ஓடிக்கொண்டிருந்தன. தையல்காரி பட்டை கட்டிய கையையும் சேர்த்து உயர்த்தி, நிதானமாக ஏதோ கேட்டாள். திரையிலிருந்து குரல் வந்தது.

"ஊசி பிடிக்க ஆறு வாரம் ஆகும்னு சொன்னீங்க, சரி. நான் எவ்வளவு நாள் பேசாம இருக்கணும்?"

டாக்டர் தையல் வேலையைப் பற்றி யோசித்திருந்தார். இதை யோசிக்கவில்லை. ஒரு தாளை இழுத்து மணிக்கட்டை வரைந்தார். கட்டுப் போடுவதை எங்கே நிறுத்தினால் விரல்கள் வெளியே இருக்கும் என்று கோடு போட்டுக் காட்டினார். அவள் இன்னொன்று கேட்டாள். அதற்குப் பிறகும் ஒன்று. ஒரு கேள்வியும் பாதியில் நிற்கவில்லை. கடைசியில் பேனாவை வாங்கினாள்.

வெளியே வந்தவள் வார்டு வாசலில் கறாரைப் பார்த்ததும் கைகளைத் தூக்கி அந்தரத்தில் அசையாமல் நிறுத்தினாள். அவர் சட்டென்று டாக்டர் அறைத் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு அவள் சிரித்துவிட்டாள், கைகளும் அசைந்தன.

அந்த எண்ணை அவர் அப்புறம் எடுக்கவில்லை. அன்றிரவு சோறு போடும்போது மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்போ எங்கம்மாவுக்கும் ஒரு நம்பர் போடலாமே."

"உங்கம்மாவுக்குக் காது நல்லாவே கேக்குதே," என்றார் கறார்.