பக்கத்து வீட்டு றேடியோ

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட நான் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார். அவருடைய புருவங்களில் எப்போதும் கோதுமை மா ஒட்டியிருக்கும். யாரோடு பேசினாலும் சேட்டின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்பார்.

பின்னேரங்களில் நான் முற்றத்தில் பிள்ளைகளை இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு றேடியோ அலறும். ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலியோரம் போய்க் கூப்பிட்டேன்.

"அண்ணை, றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ. படிப்பிக்க ஏலாமல் கிடக்கு."

"ஓம் ரீச்சர், என்ர பிழைதான்" என்று உள்ளே ஓடி உடனே குறைத்தார்.

சற்று நேரத்தில், நீருக்கடியால் யாரும் நீந்தி வராதபடி கடற்படையினர் துறைமுகத்தில் வழக்கமாகப் போடும் வெடி கேட்டது. எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். ஆனால் அந்த வீட்டுக்குள் அவருடைய மனைவி வீரிட்டுக் கத்தினார். அடுத்த வெடிக்கும் கத்தினார். நான் வேலிக்கு ஓடினேன்.

"ஷெல்லடிக்குள்ள அகப்பட்ட நாளிலயிருந்து அவ இப்பிடித்தான் ரீச்சர். றேடியோ பாடினா வெடி அவ்வளவாக் கேக்காது."

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"பிள்ளையளின்ர படிப்பெல்லோ" என்றார், பொத்தானைத் திருகியபடி.

றேடியோவைச் சத்தமாகப் போடும்படி கெஞ்சினேன். போட்டார். ஆனால் அதன்பிறகு என் தலை முற்றத்தில் தெரிந்தாலே ஓடிப்போய்க் குறைத்துவிடுவார். அங்கிருந்து போகும்வரை, பின்னேரங்களில் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே இருத்திப் படிப்பித்தேன்; நான் முற்றத்துக்கு இறங்கவேயில்லை.