வால்டரின் பேகலுக்குள் வைத்தது

இந்த நாட்டில் பகல் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டத் தேவையில்லை என்பது வந்த புதிதில் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு பலகை, ஒரு பெரிய கத்தி, பிரிட்ஜுக்குள் நாலைந்து பொட்டலங்கள் இருந்தால் போதும், பத்து நிமிஷத்தில் ஒரு மனிதரின் பகல் சாப்பாடு முடிந்துவிடும். அதற்கென்றே நடுவில் துளை விட்ட ஒரு வட்டப் பாண் இருக்கிறது. பேகல் என்கிறார்கள். பார்வைக்குப் பெரிய உழுந்து வடை, கடித்தால் ரப்பர் செருப்பின் வார். பலகையில் பன்றி இறைச்சித் துண்டுகளை விரித்து, அதன் மேல் சீஸ், வெங்காயம், புளிக்க வைத்த வெள்ளரிக்காய், சலாது இலை என்று அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே மயோனைஸையும் மஞ்சள் கடுகுக் களியையும் பிதுக்கி, பிறகு கத்தியை எடுத்துக் கொத்த வேண்டும். எது இறைச்சி, எது இலை என்று தெரியாத கூழாகும் வரைக்கும் கொத்த வேண்டும். அந்தக் கூழை வழித்து எடுத்துப் பேகலுக்குள் அடைத்தால் சாப்பாடு தயார்.

இதை நான் எனக்காகச் செய்யவில்லை. வால்டருக்காகச் செய்தேன். வால்டர் இந்த நகரத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் பஸ் ஓட்டியவர். எழுபத்தெட்டு வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலியில்தான் இருப்பு. மனைவி இல்லை. மகள் லிண்டா வேறு நகரத்திலிருந்து சனிக்கிழமைகளில் வந்து ஒரு கிழமைக்கான சாமான்களைப் பிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் காலை எட்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் நான். வேலைக்கு ஆள் அனுப்புகிற கம்பனிக்காரி போனில் பன்றி இறைச்சி தொடுவீர்களா என்று கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் "நோ ப்ராப்ளம்" என்று சொல்லியிருந்தேன். குளிர்காலம், என் புருஷன் இவருக்கு லொறி ஓட்டம் குறைந்திருந்தது. அந்த இரண்டு சொல்லும் என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

முதல் நாள் வால்டரிடம் நானாகவே ஆங்கிலம் சேர்த்து, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இருக்கிற பசிக்கு ஒரு குதிரையையே தின்பேன் என்றார். பிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாகப் புரட்டி, இதில் எது குதிரை என்று தேடினேன். அங்கே ஹாம் என்கிற பன்றி இறைச்சிதான் இருந்தது. ரோஸ் நிறத்தில், நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கையுறைக்கு மேலாலும் வழுக்கிற ஹாம். அவரால் பெரிதாகக் கடிக்க முடியாது, அதனால் எல்லாவற்றையும் கொத்தித்தான் கொடுக்க வேண்டும் என்று லிண்டா போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருந்தாள். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கொத்தினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொத்தினேன்.

இவரிடம் சொன்னபோது, அப்போ அது நம்மட கொத்து ரொட்டிதானே என்று பகிடி விட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம், கல்முனையில் பஸ் ஸ்டாண்டுக்கு பின்னேரம் போனால் கொத்துச் சத்தம் கேட்கும். சூடான இரும்புத் தட்டில் கறியும் முட்டையும் பொரிந்து, அந்த வாசத்துக்கே வாயூறும். இது குளிரிலிருந்து எடுத்துக் குளிராகவே கொத்துகிற சாமான். கத்தி மேலே வரும்போதெல்லாம் மயோனைஸ் நூலாக இழுபடும். வால்டர் தின்னும்போது வலது கடைவாயால் அது வழியும். நான் துணியால் துடைத்துவிடுவேன். ஒலுவில் கரையில் மீன் எடுத்து விற்ற மனிதரின் மகள் நான். மீன் வாடைக்கு ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. ஆனால் அந்தக் கூழின் மணத்துக்கு, வால்டர் பார்க்காதபடி குசினி மூலைக்குப் போய் இரண்டு தரம் ஓங்காளித்திருக்கிறேன்.

கையுறைக்கு மேல் கையுறை போட்டேன். வீட்டுக்கு வந்து குளிக்காமல் தொழுவதில்லை, குளித்த பிறகும் விரல்களை முகர்ந்து பார்ப்பேன். சாய்ந்தமருதிலிருக்கிற என் கூடப்பிறந்த ராத்தாவுக்குப் போன் எடுத்து அழுதேன். அவ மார்க்கம் தெரிந்த ஆக்களிடம் விசாரித்துவிட்டு, தின்னுறதுதான் ஹராம் புள்ள, வேலைக்காகத் தொடுறதுக்கு ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறாங்க, நீ கைய நல்லாக் கழுவு என்றா. கை கழுவுவதில் குறை இல்லை. கழுவ முடியாத ஏதோ ஒன்று எனக்குள் சேர்ந்துகொண்டே போனது.

அப்போதுதான் ஹலால் கடையில் அந்தப் பொட்டலத்தைக் கண்டேன். புகை போட்ட வான்கோழி, மெல்லிய துண்டுகள், ஹாமைப் போலவே ரோஸ் நிறம். யோசிக்கவே இல்லை, இரண்டு பொட்டலம் வாங்கினேன். அடுத்த நாள் லிண்டா வாங்கி வைத்த ஹாமைக் குப்பைப் பைக்குள் சுருட்டிப் போட்டு, வெளியே பெரிய தொட்டியில் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தேன். வான்கோழியைப் பலகையில் விரித்துக் கொத்தினேன். கூழ் அதே கூழ்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் லேசாக இருந்தது. வால்டர் ஒரு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார். இன்றைக்கு ஹாம் நன்றாக இருக்கிறது, கடை மாறிவிட்டதா என்று கேட்டார். ஓம், புதுக் கடை என்றேன். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி நானும் இவரும் வயிறு நோகச் சிரித்தோம். வெள்ளைக்காரனுக்கு ஹலால் தீத்தி விட்டியே, உனக்கு நன்மை கிடைக்கும் என்றார் இவர்.

வான்கோழி வைக்கத் தொடங்கிய மூன்றாவது கிழமை ஒருநாள், வால்டருக்குப் பக்கத்திலிருந்து துணியை மடித்துக்கொண்டு, அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கூழுக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் நாக்கால் தேடிப் பிடிக்கிறவர் போல, நிதானமாக, நம்பி மென்றார். நம்பித் தின்கிற ஒரு முகத்தை அதற்கு முதலும் ஒரு தரம் அவ்வளவு கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குப் பட்டது. எங்கே என்று நினைவு வந்ததும் கையிலிருந்த துணி மடியில் விழுந்தது.

சுகந்தி. பக்கத்து ஊரான காரைதீவிலிருந்து வந்த இந்துப் பிள்ளை. பதினாறு வயதில் கல்முனையில் டியூசன் வகுப்புக்கு ஒன்றாகப் போவோம், ஒரே வாங்கில் இருப்போம். வெள்ளிக்கிழமையில் அவள் மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடமாட்டாள். மாட்டிறைச்சி அவர்கள் வீட்டில் எந்த நாளும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு நான் கடையில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்களோடு படித்த இரண்டு பேர் கண்ணைக் காட்டினார்கள். சுகந்தி என்ன ரோல்ஸ் என்று கேட்டாள். உருளைக்கிழங்கு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடித்தாள். உறைப்புக் கூட, ஆனா நல்லாருக்கு என்றாள். பாதி தின்ற பிறகு மற்ற இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுகந்தி கையிலிருந்த மிச்சத்தைப் பிய்த்துப் பார்த்தாள். உள்ளே மாட்டிறைச்சி. பிறகு ஓடிப்போய் வகுப்புக்கு வெளியே அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் குந்தி வாந்தி எடுத்தாள். ஒன்றும் வராத பிறகும் விரலை விட்டு விட்டு எடுத்தாள். நான் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். எனக்கு அன்றைக்கு அருவருப்பாக இருந்தது அவளுடைய வாந்திதான்.

அவள் வீட்டில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் எங்கள் ஊரும் அவளுடைய ஊரும் கடையடைத்து நின்றிருக்கின்றன. அவள் வாயைத் திறந்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்பது எனக்கு வயது போன பிறகுதான் விளங்கியது. அவள் வேறு வாங்குக்கு மாறிப் போனாள், அவ்வளவுதான். அதன் பிறகு வருடக் கடைசி வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபத்தேழு வருடங்களாக அதை ஒரு பகிடி என்று பெயர் வைத்து மூடி வைத்திருந்தேன். இப்போது ஒரு வெள்ளைக்கார மனிதரின் குசினியில் அதையே திரும்பச் செய்துவிட்டு, புருஷனோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஹாமின் மணத்துக்கு ஓங்காளித்தவளுக்கு, அந்த நேரம் தன்னுடைய மணத்தையே சகிக்க முடியவில்லை.

அன்றிரவு இவரிடம் சொன்னேன், வால்டரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. வேலை போயிடும் புள்ள, பேசாம நாளையிலிருந்து பழையபடி ஹாமையே வை, ஆருக்கும் தெரியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலையில் பஸ்ஸில் போகும்போது அதைத்தான் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் பகல் பலகையை எடுத்து வைத்ததும், வால்டர் கூடத்திலிருந்து, அந்தப் புதுக் கடை ஹாம் தானே என்று கேட்டார். எனக்கு இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. கிட்டப் போய் நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அது ஹாம் இல்லை, வான்கோழி. உங்களுடைய ஹாமை நான்தான் எறிந்தேன். என்னால் தொட முடியவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கைகளைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த மருந்துப் பெட்டியைப் பார்த்தார்.

"மருந்தையும் மாத்தினியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கோப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு இடது கையால் தள்ளி வைத்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. அந்தச் சுருக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் அவருடைய பிரிட்ஜைத் திறக்கும்போது என் முகத்தில் வந்தது அதுதான்.

"நான் எப்ப குளிக்கிறது, எப்ப படுக்கிறது எல்லாம் மற்ற ஆக்கள்தான் முடிவெடுக்கிறாங்க," என்றார் வால்டர். "என்ன தின்னுறது எண்டது மட்டும்தான் என்னட்ட மிச்சமிருந்தது."

அன்று அவர் என் கையால் ஒன்றும் தின்னவில்லை. உறை பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பல்லால் கடித்துப் பிரித்துத் தின்றார். நான் லிண்டாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். உப்புக் குறைவு, வான்கோழியே நல்லது, அப்பா பிடிவாதக்காரர் என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு ஏச்சைவிடக் கசந்தது. கம்பனிக்கு அறிவிப்பீர்களா என்று வால்டரிடம் கேட்டேன். புதிதாக ஒருத்தி வந்தால் அவள் என்ன செய்வாளோ, உன்னையாவது இப்போது தெரியும் என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் சக்கர நாற்காலியைக் குசினிக்குள் உருட்டிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் நிறுத்தினார். பொட்டலத்தின் எழுத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். ஹாமை எடுப்பதை, விரிப்பதை, கொத்துவதை, கத்தி போய் வருவதை எல்லாம் கண் வாங்காமல் பார்த்தார். கடைகளில் இறைச்சி வெட்டுகிறவர்களின் கையை நான் பார்க்கிற பார்வை அது. வேறு எதையும் அந்தக் கத்தியால் வெட்டினீர்களா என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். கேட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஹாமின் மணம் குறையவில்லை. அருவருப்பும் போகவில்லை. இரண்டு கையுறைக்குள்ளும் விரல்கள் கூசக் கூசக் கொத்தினேன். அவர் கூழை ஒருதரம் கிண்டிப் பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்குவார். நான் ஜன்னலோரமாகப் போய் என் சோற்றுப் பெட்டியைத் திறப்பேன்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு வியாழக்கிழமை, தான் தின்று முடித்த பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி, அந்தப் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். சோறு, சூரை மீன் கறி, மாசி போட்ட சம்பல் என்றேன். மாசி என்றால் என்ன என்றார். அவித்து, புகை போட்டு, வெயிலில் கல்லாகக் காய வைத்த மீன் என்றேன். கறிக்குள் என்ன என்றார். தேங்காய்ப் பால், கொறுக்காய்ப் புளி, மிளகாய்த்தூள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். இடது கையில் முள்ளுக்கரண்டியைப் பிடித்து நீட்டினார். கொஞ்சம் எடுத்து வைத்தேன். வாயில் வைத்து இரண்டு தரம் மென்றார். கண் கலங்கிவிட்டது. பிறகு கடதாசியை எடுத்து எல்லாவற்றையும் அதற்குள் துப்பினார்.

"நாத்தம்," என்றார். "மனுசர் தின்னுவாங்களா இத?"

எனக்குக் கோபம் வரவில்லை. உங்களுடையதும் அப்படித்தான் என்றேன். தெரியும், உன் முகத்தைத் தினமும் பார்க்கிறேனே என்றார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கிளாஸை முகர்ந்து பார்க்காமல் குடித்தார். கடதாசியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து நான் என் சோற்றைத் தின்று முடித்தேன்.

இப்போதும் அங்கேதான் வேலை. காலையில் நான் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றும்போதே, மீன் வந்துவிட்டது என்று வால்டர் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். பின்னேரம் என் வீட்டுக் கதவைத் திறந்தால், முதல்ல குளிச்சிட்டு வா புள்ள என்று இவர் தள்ளி நிற்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது நிமிஷ பஸ் ஓட்டம். ஹீட்டர் போட்டிருப்பார்கள், தடித்த ஜக்கெட்டுக்குள் உடம்பு வெதுவெதுக்கும். சில நாட்களில் கழுத்துப் பட்டியை விலக்கி என்னையே முகர்ந்து பார்க்கிறேன். சூரைக் கறியும் இல்லை, ஹாமும் இல்லை. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஏதோ ஒன்று. அது எந்த ஊருடையதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குப் பக்கத்து இருக்கை, நான் இறங்குகிற வரைக்கும் வெறுமையாகவே வருகிறது.