வெண்ணெய் சுற்றிய கவிதை

என் அண்ணன் ஆம்ப்ரோஸ் கடைசிவரை கவிஞனாகவே வாழ்ந்தான் என்றால், அதற்கு ஜோசையா பென்னாக் என்ற மனிதர்தான் காரணம். பிரிஸ்டல் துறைமுகத்தை ஒட்டி அவருக்குச் சின்னப் புத்தகக் கடை. பைபிளும் பஞ்சாங்கமும் விற்ற லாபத்தை, யாரும் சீந்தாத இளம் கவிஞர்களின் நூல்களை அச்சிட்டே கரைத்தார். அவரை நினைத்தால் இன்றும் என் கண் நிறைகிறது.

அண்ணனின் முதல் நூல் ஓர் ஆட்டுக்காரப் பெண்ணின் கதை. கடலுக்குப் போன காதலன் திரும்பவில்லை. அவள் பாறைமேல் நிற்கிறாள். "ஆட்டுக்காரிக்கெல்லாம் கவிதையா?" என்று பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். நூல் விற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் சந்தையிலிருந்து வாங்கி வந்த வெண்ணெயைப் பிரித்த அண்ணன் உறைந்துபோனான். சுற்றியிருந்த தாளில் அவன் கவிதை!

விற்காத நூல்களைத் தைக்காத தாள்களாகவே எடைக்குப் போடுவது எங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளின் வழக்கம்தான். ஆனால் பென்னாக்குமா?

"போதும்! திங்கட்கிழமையே கப்பல் கம்பெனியில குமாஸ்தாவாச் சேர்ந்துடறேன். இனிமே கவிதையே கிடையாது!" என்று கத்திக்கொண்டு கடைக்கு ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என் உயிரை எடைக்குப் போட்டுட்டீங்களே ஐயா!"

பென்னாக்கின் முகம் வெளுத்தது. "எடைக்குப் போடலை தம்பி..." என்று அவர் தொடங்குமுன் வெண்ணெய்க்காரி ஹெப்ஸி கூடையோடு உள்ளே நுழைந்தாள்.

"யோவ் புத்தகக்காரரே! இந்த வாரத் தாள் எங்கய்யா? அந்தப் பொண்ணு பாறைமேல நிக்கிறா. குதிச்சாளா இல்லையா? சந்தையே என்னைப் பிடுங்கித் தின்னுது. மீன்காரி மார்த்தா சோறு தண்ணி இல்லாம அழறா!"

"எழுதினவர் இவர்தாம்மா," என்றார் பென்னாக்.

ஹெப்ஸி அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். "நீதானா அந்தப் பாவி! அவ மட்டும் செத்தா, உனக்கு ஜென்மத்துக்கும் வெண்ணெய் கிடையாது!"

பென்னாக் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாங்க ஆள் வரலை தம்பி. நாமளே ஜனங்ககிட்டப் போவோம்னு வாரம் ஒரு பாகமா, வெண்ணெய் சுத்திக் குடுக்க இவகிட்டச் சும்மாதான் குடுத்தேன். சொன்னா உன் மனசு ஒடஞ்சுடுமோன்னு பயம்."

அண்ணன் அவர் கைகளில் முகம் புதைத்து விம்மினான். திங்கட்கிழமை அவன் கப்பல் கம்பெனிக்குப் போகவில்லை. அடுத்த நூலைத் தொடங்கினான்.

பின்னாளில் பென்னாக் கண்ணை மூடியபோது, அவர் நெஞ்சின்மேல் அண்ணன் வைத்தது வெண்ணெய்க் கறை படிந்த அந்த ஒற்றைத் தாளைத்தான். எங்கள் எல்லோரையும்விட உரக்க அழுதவள் ஹெப்ஸி.