மிளகுக்கு யார் கொடுத்தது?

சீப்புக்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் நாயைப் பார்க்க மாட்டார். நாயின் தட்டைப் பார்ப்பார். அப்புறம் தட்டுக்குப் பக்கத்துத் தரையை. அப்புறம், யார் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று. நாயின் முறை கடைசியில்தான் வரும். நாய் உள்ளே ஓடிப்போய் ஒரு கதையைத் தயார் செய்துகொண்டு வராது. வளர்ப்பவர்கள் வருவார்கள்.

"அரைக் கப்புதாங்க போடுறோம்" என்பார்கள். அவர் குனிந்து, நாயின் விலாவில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதுதான் கணக்கு. தட்டுப்படவில்லை என்றால், "அந்தக் கப்பைக் கொஞ்சம் காட்டுங்க" என்பார். உள்ளேயிருந்து கிட்டத்தட்ட ஒரு சொம்பு வரும்.

இந்தச் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை, உத்தியோகம் கொடுத்தது. பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தூங்குவதுபோல் நடிப்பவனின் இமை எப்படித் துடிக்கும், டிக்கெட் இல்லாதவன் எந்த நிறுத்தத்தில் திடீரென்று எழுந்து செருப்பைத் தேடுவான், எல்லாம் அத்துப்படி. பிறகு பஸ்ஸில் டிக்கெட் மெஷின் வந்தது, இவர் வீட்டுக்கு வந்தார். மச்சினன் வைத்திருந்த நாய் விடுதியில் கூண்டு கழுவப் போனவர், ஆறு மாதத்தில் சீப்பைக் கையில் எடுத்தார். இப்போது தோளில் ஒரு பையுடன் வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டுகிறார், முடி வெட்டுகிறார், நகம் நறுக்குகிறார். சொந்தப் பேரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. சீப்புக்காரர் என்றால் நாய்கூட வாலாட்டும்.

அந்தப் பையில் மூன்று அறைகள். முதல் அறையில் கம்பிச் சீப்பு, பல் நெருங்கிய சீப்பு, நகவெட்டி, கத்தரிக்கோல். இரண்டாவதில் ஷாம்பு, காது துடைக்கும் மருந்து, பஞ்சு. மூன்றாவதில் துண்டும் ஒரு சின்ன டப்பாவும். தொழில் சாமான் அவ்வளவுதான்.

தொழிலில் சுத்தம். குளிப்பாட்டுவதற்கு முன்னால்தான் சீவ வேண்டும் என்பார். சிக்கு நனைந்தால் இறுகிக் கல்லாகிவிடும். நகத்தைத் துணுக்குத் துணுக்காக வெட்டுவார். வெட்டிய இடத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுவார், அதற்கு மேல் ரத்தம். காதுக்குள் குச்சி விடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "உங்க காதுல விட்டுக்குங்க, அது உங்க இஷ்டம்" என்பார்.

பல் டாக்டரம்மா வீட்டு மிளகு அவருடைய கஷ்டமான கேஸ். வெள்ளை உடம்பு, தொங்கு காது, மூக்கைச் சுற்றி மிளகைத் தூவிய மாதிரிப் புள்ளிகள். ஒரு வருடமாக அரிப்பு. பாதத்தை நக்கி நக்கி முடியெல்லாம் துருநிறமாகிவிட்டது. அக்குள் சிவந்து, காதுக்குள் புளித்த வாடை. நாய் டாக்டர் பார்த்துவிட்டு, சாப்பாட்டில்தான் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்பட்டார். எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி. எட்டு வாரம், அவர் எழுதிக் கொடுத்த ஒரே தீவனம். வேறு எதுவும், ஒரு பிஸ்கட் தூள்கூட, வாயில் படக் கூடாது. வாரம் இரண்டு நாள் மருந்து ஷாம்பு. அப்படியும் அடங்கவில்லை என்றால் காரணம் சாப்பாடு இல்லை என்று வைத்துக்கொண்டு, ஆயுசுக்கும் ஊசி.

முதல் நாளே சீப்புக்காரர் வீட்டில் உள்ளவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து எச்சரித்தார். மூன்றே பேர்தான். டாக்டரம்மா, அவளுடைய அப்பா, சமையலக்கா.

"ஒரு துணுக்குன்னாலும் துணுக்குதான். எட்டு வாரமும் பாழ். நாய் மூஞ்சியப் பார்த்து இரக்கப்படுறவங்க இப்பவே சொல்லிருங்க."

"என்னைப் பார்த்து ஏன்யா சொல்ற?" என்றார் பெரியவர்.

"பொதுவா சொன்னேங்க ஐயா."

"பொதுவா சொல்றவன் கண்ணு என் சட்டைப் பையில இருக்கே."

அந்தச் சட்டைப் பையில் இரண்டு பிஸ்கட் இருந்தது உண்மை. அவை தனக்கு என்றார் பெரியவர். சீப்புக்காரர் நம்பவில்லை.

திங்களும் வியாழனும் மதியம் அவர் வருவார். அந்த இரண்டு நாளும் டாக்டரம்மாவுக்கு கிளினிக்கில் முழு நாள் வேலை. கதவைத் திறப்பது சமையலக்கா. ஐம்பதை நெருங்கிய பெண். ஒன்பது வருடமாக அந்தச் சமையலறை அவள் ராஜ்ஜியம். சீப்புக்காரரைத் தம்பி என்பாள், ஆனால் தம்பிக்கு ஒரு வாய்க் காபி கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

மிளகைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவார். அந்த ஷாம்புவைத் தேய்த்தால் பத்து நிமிடம் உடம்பில் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும். நுரையோடு ஒரு நாயைப் பத்து நிமிடம் நிற்கவைப்பது லேசான காரியம் இல்லை. அதற்கு அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. டப்பாவிலிருந்து விழுது ஒரு விரல் எடுத்து, நாயின் மூக்கு உயரத்துக்குச் சுவர் டைல்ஸில் தீற்றுவார். நாய் சுவரை நக்கிக்கொண்டே நிற்கும், சிலைபோல. அந்த நேரத்தில் அவர் காதைத் துடைப்பார், விரலிடுக்கைப் பார்ப்பார், இந்த வீட்டில் யார் திருடன் என்று யோசிப்பார்.

ஆறாவது வாரத்திலும் அக்குள் சிவப்பு மாறவில்லை.

"யாரோ குடுக்கறாங்க டாக்டரம்மா" என்றார் போனில். "என் கைக்குத் தெரியும். தோல் ஆறிக்கிட்டே வருது, திடீர்னு ஒரு நாள் பொங்குது. அப்புறம் ஆறுது, மறுபடி பொங்குது."

டாக்டரம்மா ஒழுங்கு பிடித்தவள். மிளகு அதிகமாகச் சொறியும் நாட்களை ஃபிரிட்ஜில் ஒட்டிய காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வந்தாள். அடுத்த வியாழக்கிழமை சீப்புக்காரர் அதன் முன்னால் போய் நின்றார். பயணிகளின் பட்டியலைப் பார்ப்பதுபோல விரலை வைத்து இறங்கினார். செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. அவருக்கு மூக்கில் வியர்த்தது.

செவ்வாயும் வெள்ளியும் அரிக்கிறது என்றால் திங்களும் வியாழனும் எதுவோ உள்ளே போகிறது. அந்த இரண்டு நாளும் டாக்டரம்மா வீட்டில் இல்லை. பெரியவர் மதியம் சாப்பிட்டதும் மூன்று மணி வரை தூங்குவார். மிச்சம் யார்?

அவர் திரும்பிப் பார்த்தார். சமையலக்கா கோழி கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, காலண்டர்ல கல்யாணத்துக்கு நாள் பாக்குறியா?"

"கோழி அடிக்கடி செய்வீங்களாக்கா?"

"மனுசங்க சாப்பிட வேணாமா? ஏன், உனக்கு வேணுமா?"

"தோலு, ஈரல் எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. "குப்பையில போடுவேன். வா, குப்பையக் கிளறிப் பாரு" என்றாள். அவள் கை நடுங்கியதை அவர் பார்த்தார். நடுங்கும் கைகளைப் பன்னிரண்டு வருடம் பார்த்தவர். அது பயம் என்று முடிவுகட்டினார். கோபத்திலும் கை நடுங்கும் என்பது பஸ்ஸில் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

அன்று மாலையே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார். பேர் சொல்லவில்லை. நாட்களைச் சொன்னார், அது போதுமாக இருந்தது. டாக்டரம்மா எந்தெந்த நாள் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஒன்பது வருசமாச்சு அண்ணே. ஆனா மிளகுக்குன்னு நான் கெஞ்சிக் கேட்டேன். அதுல பொய்யின்னா இனிமே எதுல நம்புறது? இந்த மாசத்தோட நிறுத்திடுறேன்" என்றாள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணும்னு இல்ல. கணக்கு சொல்லுது."

"எனக்கென்னவோ மனசுக்கு ஒப்பல. ஒரு பொம்பள பொழப்பு. கண்ணால பாக்காம வாயை விட்டுட்டீங்க."

அந்தப் பேச்சு முள்ளாய் உறுத்தியது. சமையலக்காவின் வீட்டில் அவள் ஒருத்தியின் வருமானம்தான் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சோதனை வைக்கலாம் என்று அவரே டாக்டரம்மாவிடம் கேட்டார். நாய் பொய் சொல்லாது. தனக்கு ருசி காட்டிய கை எது என்று அதற்குத் தெரியும். எல்லாரும் வெறுங்கையை நீட்டி உட்காரட்டும், நாயை அவிழ்த்து விடுவோம், யார் கையைத் தேடிப் போகிறதோ அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேறொரு வீட்டில் நகம் வெட்டிவிட்டு, பையைத் தோளில் போட்டபடியே வந்தார். கூடத்தில் பெரியவர் நாற்காலியில் இருந்தார். சமையலக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தால், வந்ததே இந்தக் கூத்தை முடித்துவிட்டுப் போகத்தான் என்று தெரிந்தது.

"கையை சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. மோந்து பாக்குறியா தம்பி?" என்றாள்.

"வேணாம்க்கா. அது பாக்கும்."

"யோவ், எனக்கு பிஸ்கட் வாசனை வரும். அதுக்கு என்னைத் தூக்குல போட்டுறாதே" என்றார் பெரியவர்.

டாக்டரம்மா கயிற்றை அவிழ்த்தாள். மிளகு உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் புறப்பட்டது. பெரியவரின் விரலை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. சமையலக்காவிடம் போனது. வாலை ஆட்டி, அவள் முழங்காலில் தலையை ஒரு கணம் சாய்த்தது. உள்ளங்கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அங்கிருந்து நேரே கதவோரம் நின்ற சீப்புக்காரரிடம் வந்து, அவருடைய வலது கை ஆள்காட்டி விரலை நக்கத் தொடங்கியது. விரலில் ஒன்றும் இல்லை என்றதும் எக்கி நின்று, தோளில் தொங்கிய பையில் மூக்கை நுழைத்தது. முதல் அறையில் இல்லை, இரண்டாவதில் இல்லை. மூன்றாவது அறையைக் காலால் பிறாண்டியது.

"என்கிட்ட பழக்கம் ஜாஸ்தி அதுக்கு" என்றார். குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது.

"இருக்கும் அண்ணே. வாரம் ரெண்டு தடவை பாக்குதுல்ல" என்றாள் டாக்டரம்மா. அவள் பார்வை திரும்பவும் சமையலக்கா பக்கம் போனது.

திங்கள், வியாழன். அந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாயோடு தனியாக இருந்தது யார்? காலண்டரில் விரல் வைத்தபோது எல்லாரையும் எண்ணிப் பார்த்தவர், விரல் யாருடையது என்பதை எண்ணவில்லை. பரிசோதகருக்கு டிக்கெட் கிடையாது. அவரை யாரும் கேட்டதும் கிடையாது.

சும்மா இருந்திருக்கலாம். துண்டில் நாய் வாடை, அதனால்தான் என்று சொன்னால் முடிந்தது. சமையலக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள், போவதற்கு. மிளகு இன்னும் பையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, உக்காருங்க" என்றார். பையை இறக்கி மூன்றாவது அறையைத் திறந்தார். டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றித் தரையில் வைத்தார். "கோழி ஈரல் விழுது. வேகவச்சு நானே அரைக்கறது. ஷாம்பு ஊறுற வரைக்கும் சுவத்துல தடவி விடுவேன், நக்கிக்கிட்டு நிக்கும். ஆறு வாரமா. இதை நான் தீனின்னே நினைக்கல டாக்டரம்மா. துண்டு மாதிரி, சீப்பு மாதிரி நினைச்சுட்டேன்."

மிளகு டப்பாவை நோக்கிப் பாய்ந்தது. சமையலக்காதான் எட்டி அதை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"ஒரு துணுக்குன்னாலும் துணுக்குதான்னு சொன்னியே தம்பி."

"சொன்னேன்."

"என் ஈரலை வாங்கிட்டு, உன் ஈரலை ஊட்டியிருக்க."

பெரியவர் கொல்லென்று சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் சமையலக்காவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையலக்கா கையை உடனே இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "நாளைக்கு வருவேன். இன்னைக்கு முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

எட்டு வாரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. டாக்டரம்மா சீப்புக்காரரை நிறுத்தவில்லை. ஆனால் திங்களும் வியாழனும் குளியலறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டாள். விழுது இல்லாமல் மிளகைப் பத்து நிமிடம் நிறுத்த முதல் வாரம் பெரும்பாடு. இரண்டு தடவை நுரையோடு கூடம் வரை ஓடியது. பிறகு ஒரு நாள், அதன் தோள் இரண்டையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். பழைய பாலம். நூலகம். தண்ணீர்த் தொட்டி. ஆஸ்பத்திரி வாசல். தன் பஸ் நின்ற நிறுத்தங்கள். பதினெட்டு நிறுத்தம் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. மிளகு காதைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டது.

நாலாவது வாரம் அக்குள் வெளுத்தது. பாதத்தில் வெள்ளை முடி துளிர்த்தது. காலண்டரில் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, வட்டமில்லாமல் போயின. சீப்புக்காரர் பக்கத்தில் போய் நின்று, வட்டத்தை யாராவது அழித்திருக்கிறார்களா என்று காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

இப்போதும் அவர் மணியடித்தால் கதவைத் திறப்பது சமையலக்காதான். ஆனால் வழி விடமாட்டாள். நிலையில் நின்றுகொண்டு கையை நீட்டுவாள்.

"பையைத் திற தம்பி."

அவர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டுவார். மூன்றாவதில் அவள் கையை விட்டுத் துண்டை உதறிப் பார்ப்பாள். துண்டை மோந்தும் பார்ப்பாள். அதுவரை அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, டிக்கெட்டைத் தொலைத்த பயணியைப்போல நிற்பார்.