வயலுக்குள் போன பச்சை ஒயர்

நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்குமே, இதில் நாலுதானே இருக்கிறது என்பதுதான். அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். சென்னையில் ஒருவர் வாசித்துப் பழகிய பாஸை வாங்கிக்கொண்டு நான் வந்து இறங்கிய அன்று, உறையைத் திறந்து பார்த்துவிட்டு, ரெண்டு கம்பி குறையுதே, விலையையும் அதற்குத் தகுந்தாற்போல் குறைத்தார்களா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இரண்டாவது கேள்வி, நீ வாசிப்பது எங்கே கேட்கிறது என்பது. இது நியாயமான கேள்வி. பாஸ் ரசத்தில் போட்ட பெருங்காயம் மாதிரி. போட்டால் யாரும் பேசமாட்டார்கள், போடாவிட்டால் எல்லாரும் பேசுவார்கள். தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவில் வாசித்தபோது, மைக்செட்காரர் என் லைனை மட்டும் அடியோடு குறைத்து வைத்திருந்தார். கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் அது எங்களுக்கே தெரிந்தது. கேட்டால், "அதுல பாட்டு ஒண்ணும் வரலம்மா, திம்முதிம்முன்னு மட்டும் இருந்துச்சு, ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்" என்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவரே டீ வாங்கிக் கொடுத்த பிறகு கொஞ்சம் இறங்கியது.

வார நாட்களில் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ராக் இசை. நாங்கள் நாலு பேர். பாடுகிறவள் என் கல்லூரித் தோழி. கிட்டார்காரனும் டிரம்மரும் அவள் பிடித்து வந்தவர்கள். டிரம்மர் வீட்டுக்குத் திருவிடைமருதூர் பக்கம் ஒரு ரைஸ் மில் இருக்கிறது. ஞாயிறு மில் ஓடாது என்பதால் அந்தக் குடோனில்தான் ஒத்திகை. பாட்டெல்லாம் நாங்களே எழுதியவை. நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸைத் திட்டி ஒன்று, பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துவது பற்றி ஒன்று. இரண்டாவது என்னுடையது, வேறு யார் எழுதுவார்கள்.

ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டி அரை மூட்டை நெல் கனம் இருக்கும். அதை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, கால்களை இருபுறமும் அகட்டி வைத்துக்கொண்டு, முதுகில் பாஸோடு நான் போவதை ஊரே பார்த்திருக்கிறது. துப்பட்டா பாஸின் தோள்வாரில் சிக்கி இரண்டு தரம் கிழிந்தபின் ஒத்திகைக்குத் துப்பட்டா கிடையாது. இந்த ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலால் நாலு கம்பியையும் துடைத்துவிட்டுத்தான் உறையில் போடுவேன். வேட்டி கொடுத்ததோடு அப்பாவின் பங்கு முடிந்தது. யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், ஸ்கூல்ல டீச்சரா இருக்கு, பொழுதுபோகலைன்னா கம்பியைத் தட்டும் என்பார். அவர் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு வராமல் போனால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸும் கிட்டாரும் பாட்டும் மில்லிலேயே பதிவாகிவிட்டன. என் பங்கை வீட்டிலிருந்தே பதிந்து அனுப்புகிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன். ஆம்புக்கு முன்னால் ஒரு மைக், மைக்கிலிருந்து லேப்டாப். பெரிய வித்தை இல்லை. அனுப்பினேன். சென்னையில் ஒலிக்கலவை செய்கிறவர் கேட்டுவிட்டு, அடியில் ஓர் இரைச்சல் நிற்காமல் ஓடுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கிட்டார்காரன் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சுத்தமா வரலைன்னா, பாஸை அவர் கீபோர்டுலயே வாசிச்சுப் போட்டுக்கிறாராம். யாருக்கும் வித்தியாசம் தெரியாதுங்கிறாரு."

கடைசி வாக்கியம்தான் சுட்டது, ஏனென்றால் அது உண்மை. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் விரல் காய்த்துப்போக வாசித்துவிட்டு, எங்கள் முதல் ஆல்பத்தில் நான் இல்லாமல் போவதா?

மறுநாளிலிருந்து இரைச்சலைத் தேட ஆரம்பித்தேன். கேபிளை மாற்றினேன். டியூப்லைட்டை அணைத்தேன், ஃபேனை நிறுத்தினேன், பக்கத்து அறையில் அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியலையும் நிறுத்தினேன். அம்மா திட்டியதுதான் மிச்சம், இரைச்சல் அப்படியே இருந்தது. கடைசியாக ஃபிரிட்ஜை அணைக்கப் போனபோது, அதன் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்ததைப் பார்த்தேன். சமையலறைக்குள் செருப்பை அனுமதிக்காத பெண்மணி எங்கள் அம்மா. என்ன இது என்று கேட்டேன்.

"களம் போட்டதுலேர்ந்து ஃபிரிட்ஜைத் தொட்டா சுருக்குங்குது. செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொறந்தா ஒண்ணும் பண்ணல" என்றாள் அம்மா, இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்திங் பற்றிப் பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். என் வீட்டிலேயே எர்த் போய்விட்டது. அதை என் ஆம்ப் முனகிச் சொல்லியது, ஃபிரிட்ஜ் கடித்துச் சொல்லியது. அம்மா செருப்பு போட்டுக்கொண்டாள், நான் கேபிளை மாற்றினேன்.

களம் என்றது வீட்டுக்குப் பின்னால் அப்பா புதிதாகப் போட்டிருந்த சிமெண்டுத் தளம். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவைப் பெற்றவர்கள் காலமெல்லாம் அடுத்தவர் களத்தில் நெல் அடித்தவர்கள். அப்பா நிலம் வாங்கினார், ஆனால் களம் இல்லை. வருஷா வருஷம் தார் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, லாரிக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இந்த வருஷம்தான் சொந்தக் களம். போட்ட புதிதில் சாயந்தரமானால் அதில் சும்மா நடந்து பார்ப்பார்.

எர்த் குழி எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் களத்தைப் பார்த்தார். குழி நடுக் களத்தில், தளத்துக்கு அடியில் இருந்தது. தளம் போடும்போது கொத்தனார் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு வாய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். களத்தில் பொத்தல் இருந்தால் நெல் உள்ளே போகும், ஒரு மணி போகக்கூடாது, மூடுங்க என்று மூடச் சொல்லிவிட்டார் அப்பா. முன்பு அம்மா துணி துவைக்கும் தண்ணீரெல்லாம் அந்தக் குழியில்தான் போய் இறங்கும். அதுவும் நின்று, கோடையில் காய்ந்து, குழி எதற்கும் உதவாமல் கிடந்தது.

"ஒடச்சிரலாமா?" என்றார் அப்பா. அவர் அதைச் சொன்ன விதத்தில், உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். வேறு இடத்தில் புதுக் குழி போட்டுத் தருகிறேன், ஆனால் அடுத்த வாரம்தான் வரமுடியும் என்றார். எனக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வீட்டை ஒட்டிக் குறுவைப் பயிர், அதில் கணுக்கால் அளவு தண்ணீர். எர்த்துக்கு ஈர மண் வேண்டும் என்று போர்டில் எழுதிப்போடுகிறவளுக்கு, டெல்டா முழுக்க ஈர மண் கிடக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய இரும்புக் குழாய் ஒன்று கொட்டகையில் கிடந்தது. அதை வயலில் அடிக்கலாமா என்று கேட்டதும், பயிரை மிதிக்காதே என்றார் அப்பா. பிறகு அவரே சம்மட்டியை எடுத்துக்கொண்டு, நாற்றங்காலாக இருந்து இப்போது காலியாகக் கிடந்த மூலையில் இறங்கி அடித்தார். அதிலிருந்து ஒரு பச்சை ஒயரை வரப்போரமாக இழுத்து, ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து, மெயினை அணைத்துவிட்டு எர்த் முனையில் முடுக்கினேன். மெயினைப் போட்டு ஆம்பைத் திருகினால், இரைச்சல் இல்லை. வாசலில் நாய் சொறிந்துகொள்ளும் சத்தம் கேட்டது. நான் சமையலறைக்கு ஓடி, வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டுக் காட்டினேன். நல்ல வேளை, அதுவும் கடிக்கவில்லை.

சனிக்கிழமைக்குள் ஒரு பாட்டைத் தவிர எல்லாவற்றையும் பதிந்துவிட்டேன். ஆனால் அந்த ஒன்றை நிம்மதியாக வாசிக்க விட்டார்களா? ஞாயிறு காலையில் அப்பா வயல் தண்ணீரை வடிக்க வேண்டும். மேலுரம் போடும் நேரம், தண்ணீர் நின்றால் உரம் கரைந்து வீணாகும். அதோடு கீழ்வயல்காரர் ஒருவர் காத்திருந்தார். எங்கள் ஊரில் பல வயல்களுக்குத் தனி வாய்க்கால் கிடையாது, மேல்வயலில் வடித்த தண்ணீர்தான் கீழ்வயலுக்குப் பாயும். காலையில் மடையைத் திறந்துவிடுகிறேன் என்று அப்பா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர் விஷயத்தில் வாக்குத் தவறினால் எங்கள் பக்கம் அண்ணன் தம்பிகூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீரை வடித்தாலும் சேறு போதும் என்று இயற்பியல் சொல்லும். ஆனால் வீடு தேடி வந்த லட்சுமியைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "ஒரே ஒரு பாட்டு பாக்கிப்பா. அதுவரைக்கும் வடிச்சுடாதீங்க" என்றேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்புப் பக்கம் போனார். சரி என்கிறாரா, இல்லையா? கேட்டு உறுதி செய்துகொள்ள நேரமில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தேன். பாக்கி இருந்தது அந்த விடைத்தாள் பாட்டுதான். முதல் தடவை நடுவில் விரல் தடுக்கியது. இரண்டாவது தடவை அவசரப்பட்டேன். எந்த நொடி இரைச்சல் திரும்புமோ என்ற பயத்தில் ஒரு காது அதிலேயே இருந்தது. மூன்றாவது தடவை பயத்தை மறந்துவிட்டேன். கடைசி ஸ்வரத்தை அடித்து, அது தானாகத் தேய்ந்து அடங்கும்வரை கம்பியைத் தொடாமல் நின்றேன். சுத்தமாக இருந்தது. எனக்கே பிடித்திருந்தது.

வெளியே வந்தபோது அப்பா மடையை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கீழ்வயலுக்கு ஓட ஆரம்பித்தது. ஆச்சா என்று கேட்டார். ஆச்சுப்பா என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அனுப்புவதற்கு முன் ஒரு தரம் முழுதாகக் கேட்டேன். கடைசி ஸ்வரம் தேயும் இடத்தில், ஜன்னல் வழியாக மைக்கில் ஏறியிருந்த குரல்கள் மெல்லக் கேட்டன. சத்தத்தைக் கூட்டினேன். ஒன்று கீழ்வயல்காரருடைய குரல். "என்னண்ணே, இன்னும் மடையைத் தொறக்கலையா? வெயில் ஏறிப்போச்சு."

"செத்த இரு தம்பி" என்றது அப்பாவின் குரல். "எம்பொண்ணு பாஸ் வாசிச்சுக்கிட்டு இருக்கா. முடிக்கட்டும், தொறந்துடுறேன்."

கம்பி என்று சொல்லவில்லை, கிட்டார் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, ஏன் அழுகிறாய், மறுபடியும் ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டாள்.

சென்னையிலிருந்து அன்றே பதில் வந்தது. பாஸ் அருமை, அப்படியே வைத்துக்கொள்கிறேன், கடைசியில் மட்டும் யாரோ பேசுகிறார்கள், வெட்டிவிடவா என்று கேட்டிருந்தார். வெட்ட வேண்டாம் என்று எழுதினேன். அந்தப் பாட்டு இப்போதும் அப்படித்தான் முடிகிறது.