என் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். கர்த்தர் என்னைச் சைக்கிளில் ஏற்றினார்

அன்பான சகோதர சகோதரிகளே, இன்று நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தினமும் சைக்கிளில்தான் போவேன். மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு காலை, ஊத்துக்குளி சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தேன். கண் திறந்தபோது வாயெல்லாம் ரத்தம். யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சுற்றி நின்ற சிலர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விலகிக் கிடந்த என் சேலையைச் சரிசெய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. எப்படி ஆறும் அந்தக் கோபம்?

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பரிசோதித்து மாத்திரை கொடுத்தார். தலை கனத்தது, எந்நேரமும் தூக்கம் வந்தது. ஆனால் வலிப்பு நின்றது. கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே தவறாமல் சாப்பிட்டு வந்தேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஓர் அக்கா வந்தார். எனக்குள் இருப்பது பிசாசு என்றார். என் மாத்திரை அட்டையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "இத முழுங்கிக்கிட்டேதான் விசுவாசின்னு சொல்லுதியா? நீ ஆண்டவர நம்புதியா, இத நம்புதியா?"

நான் தடுக்கத் தடுக்க அதைக் குப்பைக்கூடையில் போட்டார். என் கணவரும் அவர் பேச்சைக் கேட்டு, வேறு மாத்திரை வாங்கித் தர மறுத்துவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அடுப்படியில் விழுந்தேன். கொதிக்கிற கஞ்சி என் கையில் கொட்டியது. அடுத்தடுத்து வலிப்பு. பிழைப்பேனா என்றே தெரியாமல் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம்.

நினைவு திரும்பியதும் ஜெபித்தேன். பணிவான ஜெபம் இல்லை அது. "ஆண்டவரே, உம்ம பேரச் சொல்லித்தான எறிஞ்சாவ? நீரே வந்து கேளும்!" என்று அழுதேன்.

அன்று காலையே டாக்டரம்மா வாயால் ஆண்டவர் கேட்டார். டாக்டரம்மா என் கணவரைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. "யாருங்க நிறுத்தச் சொன்னது? திடீர்னு நிறுத்துனா உயிரே போயிருக்குமுங்க!" அவர் தலைகுனிந்து நின்றார். அன்றிலிருந்து அவரே தண்ணீரும் மாத்திரையுமாக என் முன்னால் வந்து நிற்கிறார்.

ஒரு வருடத்துக்கு மேல் வலிப்பே இல்லை. ஆனால் கம்பெனி வேன்காரர் என்னை ஏற்றவில்லை. "வழியில வந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றார். நான் என்ன தொற்றுநோயா? மறுபடி சைக்கிள் ஓட்டலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பெரிய சாலை கூடாது. ஹெல்மெட் வேண்டும். தூக்கமும் மாத்திரையும் தவறக்கூடாது. கூட ஒருவர் வர வேண்டும்.

கூட வர யார் இருக்கிறார்கள்? சபையில் சிலரைக் கேட்டேன். "ஜெபிக்கிறோம்" என்றார்கள். சைக்கிளை எடுக்க ஒருவரும் இல்லை. "பயப்படாத ஒரு ஆளை அனுப்பும்" என்று நானே முழங்காலில் நின்றேன்.

வந்தது பக்கத்து வீட்டுக் காந்திமதி. சோமனூர்ப் பெண், எங்கள் கம்பெனியில் டெய்லர். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்.

"ஏனுங்க்கா, நானும் அங்கதானுங்க போறேன். சேந்து போலாமுங்களா?"

"எனக்கு வலிப்பு உண்டும்மா. பயமா இல்லியா?"

"வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு, நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்கறனுங்க. இதுக்கென்னங்க பயம்?"

மறுநாள் சந்துவழியாக மிதித்தோம். திருப்பம் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. அழுதுகொண்டே ஓட்டினேன். முன்னால் போன காந்திமதி திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க்கா" என்றாள்.

இன்றும் ஓட்டுகிறேன். நோய் முழுதாகப் போய்விட்டது என்று நான் பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் பயந்து மூலையில் கிடந்தவளைக் கர்த்தர் தெருவுக்குக் கொண்டுவந்தார். உங்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள். அவரிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யார் மூலமாகப் பதில் வரும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.